சின்ன ரயிலும் ஓர் அங்குலக் கதவும்

சென்ற தவணை விடுமுறையில் நான் ஒரு வீடு கட்டினேன். நீளம் 40 மில்லிமீற்றர், அகலம் 32 மில்லிமீற்றர். கதவின் உயரம் ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. அந்தக் கதவுக்கு என்ன நிறம் பூசுவது என்பதில் மூத்தாப்பாவுக்கும் உம்மம்மாவுக்கும் மூன்று நாட்கள் வாக்குவாதம் நடந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை மட்டை வெட்டிக்கொண்டிருக்கிறாளே என்று உம்மா சொன்னது வேறு கணக்கு.

இந்த வேலைக்கு உலகின் பல நாடுகளில் ஒரு பெயரும் பெரிய கூட்டமும் உண்டு. மாதிரி ரயில் அமைத்தல் என்று தமிழில் சொல்லலாம். ரயில், தண்டவாளம், நிலையம், பாலம், மரம், மனிதர் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சிறிதாக்கி, ஒரு மேசையின் மேல் ஊரையே அமைப்பது. இதை விளையாட்டுச் சாமான் என்று சொன்னால் அதில் ஈடுபட்டவர்களுக்குக் கோபம் வரும். ஒரு செங்கல்லின் நிறத்துக்காக ஒரு வாரத்தைச் செலவழிக்கும் மனிதர்கள் அவர்கள்.

எனக்கு இது அறிமுகமானது ஒரு பெட்டி மூலம். இங்கிலாந்தில் டிட்கொட் என்ற ஊரில் வேலை செய்யும் மாமா நோன்புப் பெருநாளைக்கு வந்தபோது தம்பிக்கென்று அதைக் கொண்டுவந்தார். உள்ளே பழைய ஹோர்ன்பி சரக்கு வண்டி ஒன்று, வட்டமாகப் பொருத்தக்கூடிய தண்டவாளத் துண்டுகள், அவற்றுக்கடியில் ஒரு கட்டு பழைய 'ரெயில்வே மொடலர்' சஞ்சிகைகள். தம்பி வண்டியை எடுத்துக்கொண்டான். சஞ்சிகைகள் எனக்குக் கிடைத்தன.

1949ஆம் ஆண்டிலிருந்து வெளிவரும் அந்தச் சஞ்சிகையின் பெரும்பகுதியை எழுதுவது வாசகர்களே. நான் அண்மையில் ஒரு சரக்குக் கொட்டகை கட்டினேன், இன்ன மட்டையை எடுத்தேன், இன்ன பசையை ஊற்றினேன், கூரை வளைந்துவிட்டது, கழற்றி மறுபடி செய்தேன் என்று எழுதுகிறார்கள். படமும் போடுகிறார்கள். தோல்வியை மறைப்பதில்லை. அதுதான் என்னைப் பிடித்திழுத்தது. எங்கள் பாடசாலைக் கண்காட்சியில் யாராவது தமது மாதிரியுருவின் எந்தப் பக்கம் விழுந்தது என்று சொன்னதுண்டா? விழுந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்போம்.

இந்தக் கூட்டத்தில் எல்லாத் தொழில்காரரும் இருக்கிறார்கள். தம்பி சிறுவயதில் தொலைக்காட்சியில் பார்த்த தோமஸ் என்ற நீல எஞ்சினை உருவாக்கிய வில்பேட் ஓட்றி ஒரு கிறிஸ்தவ மதகுரு. அவரும் மாதிரி ரயில் அமைப்பவர்தான். தமது கதையில் வரும் கிளைப்பாதையை மேசையில் அமைத்துக் கண்காட்சிகளுக்குக் கொண்டு போயிருக்கிறார். இலண்டனில் 1910இலேயே இதற்கென ஒரு கழகம் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவின் தேசியச் சங்கம் 1935இல் உருவானது. எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1946இல் தொடங்கிய மாணவர் கழகத்தின் கதை இன்னும் சுவையானது. அங்கே உறுப்பினர்கள் இரண்டு பிரிவு. ஒரு பிரிவு மேசைக்கு மேலே மலையும் வீடும் கட்டி வர்ணம் பூசியது. மற்றது மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டு வயர்களையும் ஆளிகளையும் இணைத்தது. அந்தக் கீழ்ப்பிரிவினர்தான் பிறகு கணினிகளின் பக்கம் போனார்கள். 'ஹக்கர்' என்ற சொல் கணினி உலகத்துக்குப் போனதும் அவர்கள் வாயிலிருந்துதான். தகவல் தொழினுட்பம் படிக்கும் தோழிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். நான் மேசைக்கு மேலே இருக்கும் ஆள்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லவேண்டும். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

உலகில் அதிகம் பேர் பயன்படுத்துவது எச்ஓ என்ற அளவு. உண்மையான பொருள் 87 மடங்கு சிறிதாகிறது. பிரித்தானியாவில் மட்டும் ஓஓ என்ற வேறோர் அளவு வழக்கத்தில் உள்ளது. அதில் ஓர் அடி 4 மில்லிமீற்றர் ஆகிறது, அதாவது ஏறக்குறைய 76 மடங்கு சிறிது. ஏன் இந்த வேறுபாடு? பிரித்தானிய ரயில்கள் ஐரோப்பிய, அமெரிக்க ரயில்களை விட ஒடுக்கமானவை. 87 மடங்கு சிறிதாக்கியபோது அந்தக் காலத்து மின்மோட்டர் எஞ்சினுக்குள் அடங்கவில்லை. ஆகவே உடலை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். தண்டவாளத்தை அப்படியே 16.5 மில்லிமீற்றரில் விட்டுவிட்டார்கள். விளைவு, இன்றுவரை ஓஓ ரயில்கள் தமக்குப் பொருந்தாத ஒடுக்கமான பாதையில் ஓடுகின்றன. உண்மையான பாதை 4 அடி எட்டரை அங்குலம். நாலால் பெருக்கினால் 18.83 மில்லிமீற்றர் வரவேண்டும். இந்த இரண்டேகால் மில்லிமீற்றர் குறைவைப் பொறுக்க முடியாமல் தண்டவாளம் முழுவதையும் கையால் செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எங்கள் நாட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இலங்கையின் பாதை அகலம் ஐந்தரை அடி. நாலால் பெருக்கினால் சரியாக 22 மில்லிமீற்றர். மாமா கொண்டுவந்த தண்டவாளத்தில் எங்கள் ரயிலை ஓடவிட்டால், பெரிய மனிதர் ஒருவர் சின்னப்பிள்ளையின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல இருக்கும். சிரிப்பு நின்றுவிட்டது.

நீளத்தை எளிதாகச் சுருக்கலாம், மற்றவை சொன்னபடி கேட்பதில்லை. ஒரு கிலோமீற்றர் பாதை இந்த அளவில் 13 மீற்றர். அவ்வளவு நீளமான அறை யாரிடம் உண்டு? ஆகவே இரண்டு ஊர்களுக்கிடையிலான காட்டைச் சுருக்கி ஊர்களை மட்டும் வைக்கிறார்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகம் செக்கனுக்கு 22 சென்ரிமீற்றர் ஆகிறது. பிள்ளைகள் ஓட்டும் வேகத்தில் ஓட்டினால் அது ரயிலல்ல, ரொக்கெற். எடை இன்னும் விசித்திரம். நீளம் 76 மடங்கு குறையும்போது கனவளவு 76இன் மும்மடிப்படி குறைகிறது. 80 தொன் எஞ்சின் 182 கிராம் ஆகிவிடும். சக்கரம் பிடிமானமின்றிச் சுழலும். அதனால் எஞ்சினுக்குள் உலோகத் துண்டு வைத்துக் கனமாக்குகிறார்கள். தண்ணீர் மட்டும் எந்த விகிதத்துக்கும் அடங்காது. ஒரு துளி எப்போதும் ஒரு துளிதான். மேசை ஆற்றில் உண்மையான நீரை ஊற்றினால் அது சிந்திய தண்ணீர்போலத்தான் தெரியும். எனவே அடியில் நிறம் பூசி, மேலே பளபளக்கும் வார்னிஷ் அல்லது ரெசின் ஊற்றி ஆறாக்குகிறார்கள். பொய்யைக் கொண்டு செய்தால்தான் உண்மைபோல இருக்கிறது.

ஜேர்மனியின் ஹம்பேக் நகரில் 2001இல் இரட்டைச் சகோதரர்கள் இருவர் தொடங்கிய 'மினியற்றூர் வுண்டர்லாண்ட்' இன்று உலகிலேயே மிகப் பெரிய மாதிரி ரயில் காட்சி. 15 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தண்டவாளம், புறப்பட்டு இறங்கும் விமானங்களோடு ஒரு விமான நிலையம், கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரவும் பகலும். அதன் படங்கள் பிரமிப்பூட்டும். ஆனால் என் மனம் தங்கியது அங்கேயல்ல, மாமா வேலைசெய்யும் டிட்கொட்டுக்கு அருகிலுள்ள லோங் விற்றன்ஹம் என்ற கிராமத்தில்.

அங்கே பென்டன் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அதைத் தொடங்கிய றோய் இங்லன்ட் ஓர் அவுஸ்திரேலியர். பெயரில்தான் இங்கிலாந்து. ரயில்மேல் இருந்த மோகத்தில் 1925இல் இளைஞனாக இங்கிலாந்துக்கு வந்தார். வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு எனப்படும் பகுதியின் கிராமங்களைப் பார்த்தார். வைக்கோல் வேய்ந்த கூரை, கோணலான சுவர், முன்னால் பூந்தோட்டம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மாறத் தொடங்கின. கூரைகள் பிரிக்கப்பட்டன. புதுப் பொருட்கள் ஏறின. தடுக்க அவருக்கு வழியில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டையும் அளந்து, குறித்து, 76 மடங்கு சிறிதாக மட்டையில் கட்டத் தொடங்கினார். செங்கல் வரிசைகளை மட்டையில் மெல்லிய கோடுகளாகக் கீறி நீர்வர்ணத்தால் பூசினார். ஒரு வீட்டுக்கு மாதக்கணக்காகும். 1954இல் அதை அருங்காட்சியகமாக்கினார். 1995இல் அவர் மறைந்தார். தொண்டர்கள் இன்றும் அந்தப் பள்ளத்தாக்கைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே என்றென்றும் 1920களும் 30களும்தான்.

மாமா அனுப்பிய படங்களை நான் மூத்தாப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "எங்கட கேட் வீட்டையும் யாராவது இப்படி அளந்து வெச்சிருந்தா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மூத்தாப்பாவின் வாப்பா, மர்ஹூம், தலைமன்னார் ரயில் பாதையில் ஒரு கடவையில் கேட்காரராக இருந்தவர். மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை போகும் அந்தப் பாதை 1914இல் திறக்கப்பட்டது. அதே வருடம் கடலுக்கு அப்பால் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டு, ரயில் - கப்பல் - ரயில் என்று கொழும்பும் இந்தியாவும் இணைந்தன. கடவைக்குப் பக்கத்தில் இருந்த சிறிய வீட்டில்தான் மூத்தாப்பா பிறந்து வளர்ந்தார். 1990இல் அந்தப் பாதையில் ரயில் நின்றது. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் ஒரு பையோடு புத்தளத்துக்கு வந்தது. அந்தப் பையில் புகைப்படம் எதுவும் இருக்கவில்லை. 2015இல் தலைமன்னாருக்கு மறுபடி ரயில் ஓடியபோது மூத்தாப்பா போய்ப் பார்த்தார். பாதை புதிது. சிலிப்பர் கட்டைகள் புதிது. வீடு இருந்த இடத்தில் முட்செடி. நிலத்தோடு நிலமாக ஒரு மூலையில் மட்டும் அத்திவாரம் தெரிந்ததாம்.

றோய் இங்லன்ட் அளந்தது கண்ணெதிரே நின்ற வீடுகளை. என்னிடம் இருந்தது மூத்தாப்பா மட்டுமே.

அடிக்கணக்கு அவருக்குத் தெரியாது. ஆனால் வேறு கணக்குகள் தெரிந்தன. நான்கு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தால் அறை நிறையும். ஐந்தாவது பிள்ளை கால்மாட்டில் குறுக்கே படுக்கவேண்டும். நான் தரையில் பாய்களை விரித்து அளந்தேன். எட்டடிக்குப் பத்தடி வந்தது. வாப்பா உள்ளே நுழையும்போது தலை குனிய மாட்டார், ஆனால் தொப்பி நிலையில் முட்டும். ஆகவே கதவு ஆறடி, ஓஓ அளவில் 24 மில்லிமீற்றர். திண்ணையில் நின்று கையை உயர்த்தினால் ஓட்டின் ஓரம் தொடும். அப்போது உங்களுக்கு என்ன வயது என்று கேட்டேன். "ஸ்கொலர்ஷிப் எழுதின வயசு" என்றார். தம்பிக்கு இப்போது அந்த வயது. அவனைக் கையுயர்த்தச் சொல்லி அளந்தேன். இப்படித்தான் எனது வரைபடம் உருவானது.

கட்டிய விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாராவது முயலக்கூடும். சுவருக்குப் பிரிஸ்டல் போர்ட் மட்டும் போதாது, பசை ஈரத்தில் வளையும். சஞ்சிகைக்காரர்கள் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதைத்தான். மட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் தாள் ஒட்டினால் காயும்போது அது அந்தப் பக்கம் இழுக்கும். இரு பக்கமும் ஒட்டினால் இழுப்பு சமமாகும். நான் சீரியல் பெட்டி மட்டையின் இரு பக்கமும் தாள் ஒட்டி, கனமான புத்தகங்களின் கீழ் ஓர் இரவு வைத்தேன். இரசாயனவியல் வளநூல் இதற்கு மிகவும் உதவியது. கலிக்கட் ஓட்டுக்குக் கொப்பி உறையை 4 மில்லிமீற்றர் கீலங்களாக வெட்டி, ஓரங்களைப் பல்லுப் பல்லாகக் கீறி, கூரையின் கீழ் விளிம்பிலிருந்து மேலே ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினேன். மேலிருந்து தொடங்கினால் மழை உள்ளே போகும். உண்மையான கூரைக்கு உள்ள விதியே சின்னக் கூரைக்கும்.

தண்டவாளத்துக்கு இடையில் போடும் சல்லிக்கல்லுக்கு மணலை அரித்தெடுத்தேன். அதை ஒட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பைண்டர் கம்மைத் தண்ணீரில் கரைத்துத் துளித்துளியாக விட்டால், துளி மணலுக்குள் இறங்காமல் முத்துப்போல நின்று கல்லையும் உருட்டிக்கொண்டு போகும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் பரப்பிழுவை குறைந்து உடனே உள்ளே இறங்கும். பாடப்புத்தகத்தில் நான் பாடமாக்கியிருந்த சொல் மேசையில் வேலை செய்ததை அன்றுதான் பார்த்தேன். புல்லுக்கும் இப்படியொரு பௌதிகவியல் உண்டு. நைலோன் இழைகளுக்கு நிலைமின் ஏற்றம் கொடுத்துத் தூவினால் அவை படுக்காமல் நிமிர்ந்து நிற்கும். அந்தக் கருவி என்னிடம் இல்லை. ஆனால் மன்னார்ப் பக்கத்தில் அவ்வளவு புல்லும் இல்லை.

இனி வர்ணம். இந்தக் கலையின் பாதி இதுதான் என்பேன்.

புதிய பிளாஸ்திக் வீடு ஏன் பொம்மைபோலத் தெரிகிறது? பளபளப்பது ஒரு காரணம். எல்லா இடமும் ஒரே நிறமாக இருப்பது இன்னொரு காரணம். உலகத்தில் எந்தச் சுவரும் மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமல்ல. மூன்றாவது காரணத்தை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையான வர்ணத்தையே வாங்கி அப்படியே பூசினாலும் மாதிரி அதிக இருட்டாகத் தெரியும். அரை மீற்றர் தூரத்திலிருந்து இந்த வீட்டைப் பார்ப்பது உண்மையான வீட்டை 38 மீற்றர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். தூரத்துப் பொருளின் நிறத்தைக் காற்றும் தூசியும் வெளிறச் செய்கின்றன. மேசையில் அந்தக் காற்று இல்லை. ஆகவே வர்ணத்தில் வெள்ளையோ சாம்பலோ கலந்து நாமே வெளிறச் செய்யவேண்டும். தனிக் கறுப்பையும் தனி வெள்ளையையும் அனுபவசாலிகள் தொடுவதே இல்லை. கறுப்புக்குக் கடும் சாம்பல், வெள்ளைக்குப் பழுப்பு கலந்த வெள்ளை.

முதலில் அடிப்பூச்சு. பிளாஸ்திக் என்றால் அதற்கு முன் சவர்க்கார நீரில் கழுவவேண்டும், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் வர்ணம் ஒட்டாது. பிறகு ஒரு தடித்த பூச்சுக்குப் பதிலாக இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. தடித்துப் பூசினால் கீறிய ஓட்டு வரிசையெல்லாம் நிரம்பி மறைந்துவிடும். அதன் பிறகு தொடங்குவதுதான் பழசாக்கும் வேலை. கடும் நிறத்தை நீர்போலக் கரைத்துப் பூசினால் அது பள்ளங்களில் போய்த் தங்கி நிழலாகும். தூரிகையைத் தாளில் துடைத்து, இருக்கிறதா இல்லையா என்ற அளவு வர்ணத்தோடு மேலே தடவினால் மேடுகள் மட்டும் வெளிச்சமாகும். சுண்ணக்கட்டியை அரைத்துத் தூவினால் தூசி. துருவுக்கு ஒரே நிறம் கிடையாது. புதுத்துரு செம்மஞ்சள், பழந்துரு கடும் கபிலம். எங்கள் ஊர்க் கடவையில் நின்று தண்டவாளத்தைப் பார்த்தேன். பக்கங்கள் கபிலம், சக்கரம் உரசும் மேற்பரப்பு மட்டும் வெள்ளிபோல. இத்தனை வருடங்கள் அதைக் கடந்துபோயும் கண்ணில் பட்டதில்லை.

இந்தப் பழசாக்கும் முறையைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஜோன் அலன் என்ற அமெரிக்கர். கலிபோர்னியாவின் மொன்ரரே நகரில் தமது வீட்டின் கீழ்த்தளத்தில் நிலத்திலிருந்து கூரைவரை மலைகளை எழுப்பியவர். இடம் போதாத இடத்தில் கண்ணாடி வைத்து ஊரை இரண்டு மடங்காகக் காட்டினார். எல்லாரும் புத்தம்புதுப் பளபளப்பை விரும்பிய காலத்தில் அவர் எஞ்சின்களுக்குக் கரியும் துருவும் பூசினார். பகிடியாக, பெட்டிகளை இழுக்க ஒரு டைனோசரையும் வைத்திருந்தார். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களில் தீப்பிடித்து அவரது உலகத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. எஞ்சியவை புகைப்படங்களே. அவர் புகைப்படக் கலைஞராகவும் இருந்ததால் நல்லவேளையாக நிறைய எடுத்து வைத்திருந்தார். அந்தப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் நானும் எனது கேட் வீட்டைப் பழசாக்கினேன். சுவரில் மழைக்கோடுகள், அடியில் செம்மண், ஓட்டில் பாசி. நன்றாக வந்திருப்பதாகவே நினைத்தேன்.

கதவு மட்டும் மிச்சமிருந்தது. மூத்தாப்பா பச்சை என்றார். உம்மம்மா கபிலம் என்றார். பிறந்து வளர்ந்த வீட்டுக் கதவு எனக்குத் தெரியாதா என்றார் மூத்தாப்பா. கல்யாணம் முடிந்து முதன்முதல் மாமாவைப் பார்க்கப் போன அன்று அந்தக் கதவுக்குப் பின்னால்தான் வெட்கத்தில் நின்றேன், எனக்குத் தெரியாதா என்றார் உம்மம்மா. படம் இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

சஞ்சிகைகளில் உப்பு முறை என்று ஒன்று படித்திருந்தேன். முதலில் அடிநிறத்தைப் பூசிக் காயவிட வேண்டும். ஈரத் தூரிகையால் இங்குமங்கும் நனைத்து, அதில் உப்புப் பரல்களைத் தூவவேண்டும். காய்ந்ததும் மேல்நிறம் பூசவேண்டும். அது காய்ந்த பின் விரலால் தேய்த்தால் உப்போடு மேல்நிறமும் உதிர்ந்து, அடிநிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். வர்ணம் உரிந்த பழங்கதவு அப்படியே வந்துவிடும். ஆனால் எந்த நிறம் அடியில்? இங்கேதான் இருவர் சொன்னதும் சேர்ந்து பயன்பட்டது. மூத்தாப்பா சொல்வது அவருடைய சிறுவயது. உம்மம்மா பார்த்தது 1976. பிந்திப் பார்த்தவர் உம்மம்மா. ஆகவே பச்சை அடியில், கபிலம் மேலே. இரண்டு பேரும் சரி. மூன்று முறை பழுதாகி நான்காவது முறை வந்தது. வீட்டில் சமையல் உப்பு மாவுபோல இருந்ததால் உம்மம்மா கல்லுப்பைத் தட்டித் தந்தார்.

ஓர் அஸருக்குப் பிறகு வீட்டை மூத்தாப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன். அழுவாரோ என்று பயந்தேன். அவர் அழவில்லை. கதவைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு சுவரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன மகள், வீட்டை இவ்வளவு ஊத்தையா வெச்சிருக்கீங்க?"

ஜோன் அலனைப் பற்றிச் சொன்னேன். பழசாக்கினால்தான் உண்மைபோல இருக்கும் என்று விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். வருடத்துக்கொரு முறை இன்ஸ்பெக்டர் ட்றொலியில் வருவாராம். அதற்கு முதல் வாரம் வாப்பா சிப்பிச் சுண்ணாம்பு கரைத்துச் சுவர் முழுக்க அடிப்பாராம். பிள்ளைகள் வாளி தூக்குவார்களாம். நோன்புப் பெருநாளைக்கும் இன்னொரு தரம். பாதை நெடுக எங்கட வீடுதான் வெள்ளை, கோச்சியில் போகிறவர்கள் கை காட்டுவார்கள் என்றார். "நாங்க ஏழைதான். ஊத்தையா இருந்ததில்ல."

சஞ்சிகைகளில் நான் பார்த்த சரக்குக் கொட்டகைகளுக்கும் கைவிட்ட நிலையங்களுக்கும் மழைக்கோடு சரி. அவற்றில் யாரும் குடியிருக்கவில்லை. நான் அந்த விதியை ஆள் இருந்த வீட்டுக்குப் பூசியிருந்தேன். உண்மையில் நான் கட்டியிருந்தது 1990க்குப் பிறகு யாருமில்லாமல் நின்ற வீட்டை. மூத்தாப்பா கேட்டது அதையல்ல.

சுவரை மறுபடி பூசினேன். பழுப்பு கலந்த வெள்ளை, மூன்று மெல்லிய பூச்சு. மழைக்கோடுகள் மறைந்தன. செம்மண்ணை அடியில் ஒரு மில்லிமீற்றர் மட்டும் விட்டேன், முற்றம் கூட்டும்போது தெறிப்பது என்று அவரே அனுமதித்தார். பாசியைச் சுரண்டி எடுத்தேன். கடைசியாகக் காட்டியபோது திருப்பித் திருப்பிப் பார்த்து, பின்பக்கச் சுவரில் விரலை வைத்தார். அடுப்படி யன்னல். அதற்கு மேலே மட்டும் கறுப்பாக இருக்குமாம். எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் பெத்தாவின் அடுப்புப் புகை ஒரு கிழமையில் மேலே வந்துவிடுமாம்.

பென்சில் கூரைத் தாளில் தேய்த்து, அந்தக் கரியை விரல் நுனியால் யன்னலுக்கு மேலே தொட்டு வைத்தேன். "கொஞ்சம் கூட" என்றார். இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

அடுத்தது கேட். அதன் கம்பு எத்தனை அடி என்று கேட்டிருக்கிறேன். இரண்டு மாட்டுவண்டி பக்கத்தில் பக்கத்தில் போகும், ஆனால் ஒன்றில் வைக்கோல் ஏற்றியிருந்தால் போகாது என்கிறார். வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டியின் அகலத்தை யாராவது அறிந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.